கலங்கரைக்கு நூற்றிருபது புள்ளி

ஜூன் 1, ஞாயிறு

ஜனவரியில் கம்பெனியில் கொடுத்த டைரி. ஐந்து மாதமாகத் தெய்வானை இதன்மேல் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இன்று துடைத்து எடுத்துவிட்டேன். ஒரு விஷயத்தை முடிவு பண்ண வேண்டும். மண்டைக்குள்ளேயே வைத்திருந்தால் கோபம்தான் வருகிறது.

ஜூலை 20 அன்று பெங்களூரில் ‘ஏழு கரை’ இரட்டையர் போட்டி. ஜூலை 5-க்குள் படைப் பட்டியலையும் ஆடுகிற இரண்டு பேர் பெயரையும் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அனுப்பினதுதான், மாற்ற முடியாது. படையில் கலங்கரையை வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா?

தெய்வானை என்றைக்காவது இதைப் படித்தால் அவளுக்கும் புரியட்டும். ஆறடிக்கு நாலடி மேஜை. விரல் உயரச் சிப்பாய்கள். இஞ்ச் டேப், பகடை. ஒரு ஜோடிக்கு ஒரு படை, ஆயிரம் புள்ளி. அதற்குள் வாள்காரன், வில்லாளி, குதிரை என்று வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் ஏழு தரப்பு, தரப்புக்கு ஒரு சொந்தக் கட்டடம் உண்டு. நாங்கள் உப்பளத்தார். எங்கள் கட்டடம் கலங்கரை. தொடங்குவதற்கு முன் நம் பாதியில் எங்காவது வைத்துவிட வேண்டும். அப்புறம் அது நகராது, யாரையும் அடிக்காது. அதைச் சுற்றி ஒன்பது இஞ்சுக்குள் நிற்கும் நம் ஆட்கள் சண்டையில் தோற்றாலும் ஓடமாட்டார்கள். இதுதான் அதன் ஒரே பெருமை. இதற்கு நூற்றிருபது புள்ளி போகிறது. அந்த நூற்றிருபதுக்கு ஆறு குதிரை வரும்.

அந்தக் கலங்கரையைச் செய்தவன் வெள்ளிங்கிரி, பதினொரு வருஷமாக என் ஜோடி. பிவிசி பைப், தெர்மாகோல், உச்சியில் பஸ் இண்டிகேட்டர் விளக்கின் ஆரஞ்சு மூடி. தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன். சர்க்கரை வலது கண்ணைப் பிடித்துக்கொண்டதால் போன தீபாவளியோடு வேலையை விட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று சம்சுதீன் பாயிடமும் மிருதுளாவிடமும் தோற்றோம். அவர்கள் தரப்பு காட்டார். பாய் ஜெராக்ஸ் கடைக்காரர், நாங்கள் ஆடும் மாடி அவருடையது. மிருதுளா பல் டாக்டர், முப்பத்தொரு வயது, மின்னல் மாதிரி ஆடுவாள்.

டீ நான்கு. எல்லாம் வெள்ளிங்கிரி சொன்னது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஜோடிகள் காய் நகர்த்துவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது. அது விதி. ஆனால் யார் வேண்டுமானாலும் டீ சொல்லலாம், டீ வந்து குடித்து முடிக்கும்வரை ஆட்டக் கடிகாரம் நிற்கும். அது எங்கள் மாடியின் வழக்கம். இவன் அதைப் பிடித்துக்கொண்டான். ஜன்னலுக்குப் போய்க் கீழே கடைக்குக் குரல் கொடுத்துவிடுவான். சர்க்கரைக்காரனுக்கு எதற்கு இத்தனை டீ? சொல்கிறானே ஒழிய, பாதிக் கிளாஸ் அப்படியே ஆறிக் கிடக்கிறது.

ஜூன் 4, புதன்

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மேலே ஏறவில்லை. பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகன் வீட்டில் இந்த லட்சணம். குழாயின் அடி வாயில் இருக்கும் ஃபுட் வால்வைக் கழற்றிக் கழுவிப் போட்டேன்.

சாயங்காலம் இந்த வருஷத்து ஆட்டத் தாள்களை எல்லாம் பரப்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு ஆட்டம். கலங்கரை பக்கத்தில் நின்றதால் ஓடாமல் தப்பிய சந்தர்ப்பம் எத்தனை என்று எண்ணினேன். மூன்று. இருபத்திரண்டுக்கு மூன்று. என் மேஜைக்கு இப்படி ஓர் உதிரிபாகம் வந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஜெயித்தோம். கலங்கரை பயன்பட்டது: பூஜ்யம். டீ: மூன்று.

பாயின் காட்டார் படை நடுவில் நொண்டி அடித்தது. மிருதுளா வேறு “என்ன சார், இறங்கி வர பயமா?” என்று சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மேட்டில் இருந்த வாள்காரர் அத்தனை பேரையும் கீழே இறக்கக் கையை வைத்துவிட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து வெள்ளிங்கிரி, “ஏனுங்ணா, டீ சொல்லட்டுங்ளா?” விதிப்படி கடிகாரம் நின்றது. டீ வர ஏழு நிமிடம். குடித்துக்கொண்டிருக்கும்போது எனக்கே தோன்றியது, அவள் வேண்டுமென்றே சீண்டுகிறாள், புதருக்குப் பின்னால் ஈட்டிக்காரர் இருக்கிறார்கள். ஆட்களை மேட்டிலேயே நிறுத்தினேன். அதனால்தான் ஜெயித்தோம். எனக்கு யோசனை எப்போதும் கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வந்துவிடும்.

வெள்ளிங்கிரியின் கண்தான் கவலை. வில்லாளிகள் அம்பு விடுமுன் தூரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் அளக்க வேண்டும். முன்பெல்லாம் அரை இஞ்ச் தப்பாது அவனுக்கு. இன்று பன்னிரண்டு என்றான். டேப் பதினேழு காட்டியது.

ஜூன் 11, புதன்

தெய்வானை கேட்டாள், “ஏனுங், வெள்ளிங்கிரியண்ணனுக்குக் கண்ணு எப்படி இருக்குதுங்?” அஞ்சு இஞ்ச் தப்பு சொல்கிறான் என்றேன். “நான் அதக் கேக்கல,” என்று உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

கலங்கரையை எடுத்துவிட்டு ஆறு குதிரை வைத்துப் பார்த்தேன். சோதனைதான். வெள்ளிங்கிரியிடம் சொன்னேன். “சரிங்ணா,” என்று கலங்கரையைத் துணிப்பையில் போட்டு மேஜைக்கடியில் வைத்தான்.

தோற்றோம். அதுவும் அசிங்கமாக. பாயின் கோடரிக்காரர்கள் எங்கள் இடப்பக்கமாக வந்து இறங்கிவிட்டார்கள். இந்த வருஷம் ஒரு நாள்கூட அவர்கள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. இன்றைக்கு என்ன பிடித்ததோ. கலங்கரை எப்போதும் நிற்கும் இடம் அது, காலியாகக் கிடந்தது, புகுந்துவிட்டார்கள். குதிரைகள் வலப்பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

குதிரையின் மேல் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளிங்கிரி இரண்டு தடவை தூரத்தைத் தப்பாகச் சொன்னான். அம்பு சரியாக விழுந்திருந்தால் கோடரிக்காரர்கள் வந்திருக்கவே மாட்டார்கள்.

முடிவு பண்ண வேண்டியது கலங்கரையைப் பற்றி மட்டும் இல்லை. எழுதிவிட்டேன், போதும்.

ஜூன் 18, புதன்

நல்ல தண்ணீர் வரும் நாள். குடம், அண்டா, பக்கெட் எல்லாம் பிடித்தாயிற்று. மிருதுளாவுக்கு போன் பண்ணினேன். இருபத்திரண்டு ஆட்டத்தில் கலங்கரை மூன்று தடவைதான் பயன்பட்டது என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மாறுதலுக்கு அது இல்லாமல் என்னோடு ஆடுகிறாயா என்று கேட்டேன். “வெள்ளிங்கிரி அண்ணாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?” சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஜெயித்தோம். நானும் மிருதுளாவும் ஒரு பக்கம், பாயும் வெள்ளிங்கிரியும் எதிர்ப்பக்கம். எங்களுக்குக் கலங்கரை இல்லை, குதிரை.

ஒரு விஷயம் எழுத வேண்டும். நாலாவது சுற்றில் பாய் இரண்டு வில்லாளிகளைத் தனியாக விட்டுப் பின்வாங்கினார். விட்டேனா பார் என்று ஆறு குதிரையையும் துரத்தி விடக் கையை வைத்தேன். மிருதுளா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள், பேசக் கூடாதே. அப்போது மேஜைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, “ஏனுங்ணா, டீ சொல்லட்டுங்ளா?”

பாய் திரும்பிப் பார்த்தார். “ஏன் வெள்ளிங்கிரி, நீங்க இப்ப எந்தப் பக்கம்?”

வெள்ளிங்கிரி ஒரு நிமிஷம் முழித்தான். அப்புறம், “அட, மறந்துட்டனுங் பாய்,” என்று நாக்கைக் கடித்தான். ஆனால் சொன்னது சொன்னதுதானே, கடிகாரம் நின்றது, டீ வந்தது. குடித்து முடித்தபோது பார்த்தால், குதிரையைத் துரத்த விட்டிருந்தால் நடு வழி திறந்து போயிருக்கும். நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு முடிவில் ஆட்டம் எங்களுக்கு வந்தது.

பாய் ஏன் அப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. டீ குடிக்க என்ன பக்கம் வேண்டியிருக்கிறது?

ஜூன் 25, புதன்

சொல்லிவிட்டேன். நேரில்தான் சொன்னேன், போனில் சொல்லுகிற ஆள் இல்லை நான். பாய் கடைக்குக் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பெங்களூருக்கு மிருதுளாவைக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன், கலங்கரையும் வேண்டாம் என்று நினைக்கிறேன், என்றேன்.

“சரிங்ணா. டாக்டரம்மா நல்லா ஆடுறாங். எனக்கும் மூணு மணி நேரம் நின்னா கண்ணு கூசுதுங்.” கொஞ்ச நேரம் கழித்து, “அங்க ஆட்டத்துக்கு நடுவுல டீ குடுப்பாங்ளாங்ணா?” என்றான்.

ஒரு ஆட்டத்துக்கு ஓர் இடைவேளைதான் கேட்கலாம், அதுவும் பத்து நிமிடம், என்றேன்.

“ஒண்ணுதானுங்ளா,” என்றான். முகம் அப்போதுதான் வாடியது. பெங்களூர் இல்லை என்றதற்கு வாடவில்லை, டீக்கு வாடுகிறது. என்ன மனுஷனோ.

ஜூன் 29, ஞாயிறு

தோற்றோம். நானும் மிருதுளாவும், பாய் தனி ஆள். வெள்ளிங்கிரி வரவில்லை, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கிறதாம்.

பாய் ஒருத்தரிடம் தோற்றோம். பகடை மூன்று தடவை ஒன்று விழுந்தது. பாய் சிரித்தார். நான் இருந்த குதிரை எல்லாவற்றையும் நடுவில் கொண்டுபோய்க் கொட்டினேன். மிருதுளாவின் வாள்காரர் வழியில் நின்றதற்கு அவளைச் சத்தம் போட்டேன். டாக்டருக்குப் படித்தவள், வாயைத் திறக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கடைசியில் என் பகடை ஜன்னல் வழியே கீழே போயிற்று. எப்படிப் போயிற்று என்று எழுதப் போவதில்லை.

டீ: இல்லை. யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஜூன் 30, திங்கள்

கடைவாயில் வலி. பல்லைக் கடித்ததில் பழைய அடைப்பு பெயர்ந்துவிட்டது. ஊரில் எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருத்திதான்.

ஜூலை 2, புதன்

போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். “உக்காருங்க சார், வாயத் திறங்க,” என்றாள். வாயில் பஞ்சு, ஒரு குழாய், ஒரு கொக்கி. அதற்கப்புறம்தான் பேச ஆரம்பித்தாள். எனக்குப் பதில் பேச வழியில்லை. தெரிந்தேதான் செய்தாள்.

“சார், நானும் பாயும் உங்களை எதிர்த்து ஆடுறப்ப எங்களுக்கு ரெண்டே பயம்தான். ஒண்ணு கலங்கரை. அதுக்குப் பக்கத்துல வந்தா உங்க ஆளுங்க ஓட மாட்டாங்க, நாங்க மாட்டிக்குவோம். அதனால மேஜையில மூணுல ஒரு பங்கை நாங்க தொடவே மாட்டோம். மிச்ச இடத்துலதான் நெருக்கி அடிச்சுட்டு வருவோம். நீங்க அதை எடுத்த அன்னிக்குப் பாய் சந்தோஷத்துல எனக்கு மெசேஜ் அனுப்பினாரு.”

நான் ஏதோ சொன்னேன். ‘ஆங்’ என்றுதான் வந்தது.

“மூணு தடவைதான் பயன்பட்டுதுன்னு சொன்னீங்களே, அந்த மூணு தடவையும் நாங்க தூரத்தைத் தப்பா எடைபோட்டு அதோட ஓரத்துல மாட்டிக்கிட்டோம் சார். இல்லைன்னா அதுவும் இல்லை.” கொக்கியை மாற்றினாள். “ரெண்டாவது பயம் ஜன்னல். உங்களுக்குக் கோபம் ஏத்துறதுதான் எங்க திட்டமே. ஏறிட்டா நீங்க எல்லாத்தையும் நடுவுல கொண்டாந்து கொட்டிருவீங்க. ஏறுற நேரம் பாத்து வெள்ளிங்கிரி அண்ணா ஜன்னல் பக்கம் திரும்புவாரு. பாய் கீழ குனிஞ்சு ‘போச்சு’ம்பாரு. பதினோரு வருஷமா நடக்குதாம். உங்களுக்குத் தெரியும்னுதான் நாங்க நினைச்சோம்.”

சிமெண்டை வைத்து அழுத்தினாள். “ஒரு மணி நேரம் எதையும் கடிக்காதீங்க சார்.”

ஜூலை 3, வியாழன்

லீவு போட்டேன். இந்த டைரியைத் தொடக்கத்தில் இருந்து படித்தேன். மிருதுளா சொன்னது முழுக்க என் கையெழுத்திலேயே இருக்கிறது. எட்டாம் தேதி, இருபத்திரண்டாம் தேதி, டீ வந்தது, யோசனை வந்தது. இருபத்தொன்பதாம் தேதி டீ இல்லை, யோசனையும் இல்லை. பாதிக் கிளாஸ் ஆறிக் கிடக்கிறது என்று எழுதியவனும் நான்தான். அவன் குடிப்பதற்கா சொன்னான்?

எதிர்ப்பக்கம் நின்றபோதும் சொன்னான். தன் பக்கம் தோற்கும் என்று தெரியாமலா சொன்னான்? எனக்குக் கோபம் ஏறுவது தாங்காமல் வார்த்தை தானாக வந்துவிட்டது அவனுக்கு. அவனைத்தான் கண் தெரியவில்லை என்று தள்ளிவைத்தேன். முப்பது வருஷம் பம்ப்பைச் சோதித்து என்ன கிழித்தேன் என்று வெட்கமாக இருக்கிறது.

தெய்வானையிடம் சொன்னேன். “அன்னிக்கே கேட்டனே,” என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 4, வெள்ளி

முதலில் மிருதுளாவிடம் போய்ச் சொன்னேன். முகம் சுருங்கியது, பொய் சொல்ல மாட்டேன். லீவு சொல்லிவிட்டாளாம். “அடுத்த வருஷம் என்னைக் கூட்டிட்டுப் போகணும் சார், எழுதி வைங்க,” என்றாள். எழுதிவைத்துவிட்டேன்.

அப்புறம் வெள்ளிங்கிரி வீடு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் செருப்புச் சத்தத்திலேயே, “வாங்ணா,” என்றான்.

“பெங்களூருக்கு நீதான் வரணும். கலங்கரையும் வரணும்.”

“வேண்டாங்ணா. கண்ணு தெரியாதவனக் கூட்டிட்டுப் போயித் தோக்கறதுக்கா?”

“ஆமா,” என்றேன். “தோக்கறதுக்குத்தான்.”

ரேடியோவை அணைத்தான். நான் டீ விஷயத்தைக் கேட்டேன். தெரிந்து செய்தாயா என்றேன். கொஞ்சம் கூச்சப்பட்டான்.

“பஸ்ஸுல ரெண்டு பேரு சண்ட போட்டா ஞாயஞ் சொல்லக் கூடாதுங்ணா. சொன்னா நம்ம மேல பாய்வாங். விசில் அடிச்சு வண்டிய நிறுத்திப் போடணும். வண்டி நின்னுதுன்னா மனுசன் ஏன் நின்னுதுன்னு சன்னல்ல எட்டிப் பாப்பான். அதுலயே பாதி ஆறிரும். அந்த மாதிரிதானுங். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“பதினோரு வருஷமா என்னய பஸ்ஸாட்ட நிறுத்தியிருக்கே.”

“நின்னீங்களேங்ணா,” என்றான்.

ஜூலை 5, சனி

பட்டியல் அனுப்பியாயிற்று. குதிரை இல்லை. கலங்கரை 120. குழந்தைவேலு, வெள்ளிங்கிரி.

ஜூலை 13, ஞாயிறு

தோற்றோம். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. டீ நான்கு, முழுக் கிளாஸும் நானே குடித்தேன்.

ஜூலை 21, திங்கள்

திரும்பி வரும் ரயில். எழுத்து கோணலாகத்தான் வரும்.

மூன்று ஆட்டம். முதல் இரண்டும் தோற்றோம். இரண்டிலும் வெள்ளிங்கிரி சரியான நேரத்தில் இடைவேளை கேட்டான், நானும் கொட்டவில்லை, நன்றாக ஆடித்தான் தோற்றோம். ஒரு ஆட்டத்துக்கு ஒன்றுதான் என்பதால் அவன் கடைசிவரை அதைக் கையில் இறுக்கிப் பிடித்துவைத்திருந்தது எனக்கு இப்போது தெரிந்தது.

மூன்றாவது, மைசூரில் இருந்து வந்த இரண்டு பேர். எனக்குக் கோபமே வரவில்லை, நல்ல பையன்கள். மூன்றாம் சுற்றில் வெள்ளிங்கிரி வில்லாளிகளுக்குத் தூரம் சொல்ல வேண்டும். கண்ணைச் சுருக்கி, குனிந்து, நிமிர்ந்து, “பதினாலு,” என்றான். அவனே டேப்பை வைத்தான். இருபத்தொன்று.

எதிரில் ஒருவன் சிரித்துவிட்டான். உடனே மன்னிப்பும் கேட்டான். ஆனால் வெள்ளிங்கிரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்ற மனுஷன். டேப்பை என் பக்கம் தள்ளி வைத்தான்.

“இனிமே நீங்களே சொல்லுங்ணா. நான் உக்காந்துக்கறேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை.

பதில் பேசக் கூடாது, விதி. சிரித்தவன் சட்டையைப் பிடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பல்லைக் கடித்தேன், மிருதுளா வைத்த சிமெண்ட் இடித்தது. நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

“டீ,” என்றேன்.

வெளியே மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. சர்க்கரை போடாமல் ஒன்று, போட்டு ஒன்று. ஆட்டத்தைப் பற்றி நான் எடுக்கவே இல்லை. வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றாத கதையைச் சொன்னேன். ஃபுட் வால்வில் தவளை இருந்தது என்று சேர்த்துச் சொன்னேன். தவளை எல்லாம் இல்லை. அவன் சிரித்துவிட்டான். சிரித்து முடித்து என் கிளாஸைப் பார்த்தான்.

“ஏனுங்ணா, பாதி அப்படியே இருக்குது. குடிக்கலீங்ளா?”

“குடிக்கறதுக்கா சொன்னேன்?”

அவன் கிளாஸை வைத்துவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனான். நான் போய்ச் சேரும்போது டேப் அவன் கையில் இருந்தது. அடுத்த தூரம் பத்து என்றான், பன்னிரண்டு வந்தது. ஆட்டம் சமன்.

இப்போது எதிர் இருக்கையில் தூங்குகிறான். துணிப்பை மடியில், பைக்கு வெளியே ஆரஞ்சு மூடி தெரிகிறது.

பெங்களூர், மூன்று ஆட்டம். கலங்கரை பயன்பட்டது: பூஜ்யம். மூன்று ஆட்டத்திலும் எங்கள் இடப்பக்கம் ஒருவரும் வரவில்லை.

டீ: மூன்று. இரண்டு அவன் சொன்னது, ஒன்று நான்.